மூலையில் நான் மறைத்த எண்

அன்பு மகள் சுண்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கிவிட்டு உன் நலத்தைக் கேட்பதுதான் முறை. ஆனால் அந்த நலம் என்ற சொல்லை எழுதக் கை வராமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், அதனால் உன்னை முதலில் கேட்டுவிடுகிறேன். இருமல் விட்டதா, சுவரில் ஈரம் ஊறுகிற அந்த அறையை மாற்றித் தரச் சொன்னாயே, தந்தார்களா. வாரம் தவறாமல் ஃபோனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஃபோனை எடுத்தால் உங்கப்பா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், குளியலறைக்குள் போய்ப் பேசினாலும் கதவுக்கு வெளியே கைத்தடி சத்தம் கேட்கிறது. இப்போதும் கூடத்தில்தான் இருக்கிறார், நான் சமையலறை மேசையில் அலுவலக அறிக்கை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது சுண்டு. என்ன பயம் என்று யாரிடமும் சொல்ல முடியாத பயம், ஏனென்றால் அதைச் செய்து வைத்ததே நான்தான். பாதியில் கடிதத்தை வைத்துவிட்டு ஃபோனை எடுக்காதே, முழுவதும் படித்துவிடு.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கரை மாதம் ஆகிறது. நீ வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனபோது இடது கை தொங்கிக்கொண்டிருந்தது, பேச்சு மட்டும் ஒரு குறையும் இல்லாமல் எல்லோரையும் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தது. நீ போன பிறகு பயிற்சி கொடுக்கிறவர் வந்து ரப்பர் பந்தை அமுக்கு, துணி மாட்டும் கிளிப்பைக் கயிற்றில் மாட்டு என்று சொல்லிப் பார்த்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவனுக்குப் பாலர் பள்ளி வேலையா என்று அப்பா பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார். அதை எடுக்கக் குனிந்தபோதுதான் உன் பழைய வீடியோ கேம் பெட்டி என் கண்ணில் பட்டது. ஞாயிறு மத்தியானம் நீயும் அவரும் கார் பந்தயம் ஆடுவீர்களே, அதே பெட்டி, அதே துறைமுகத் தடம். உனக்கு ஒன்பது வயதில் ஒரு நாள், கடைசிக் கோட்டுக்கு முன்னால் அவர் கட்டைவிரலை எடுத்துவிடுவதை நீ பார்த்துவிட்டு, விட்டுக் குடுத்தியா என்று கேட்டாய். அதற்கப்புறம் இரண்டு நாள் அவருடன் பேசவில்லை. அவர் உன் பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸை நிறுத்தி ஹார்ன் அடித்தும் நீ திரும்பிப் பார்க்கவில்லை. அதை அவர் இன்னும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை, இதை ஏன் எழுதுகிறேன் என்று பின்னால் உனக்கே தெரியும்.

பெட்டியை மாட்டிக் கொடுத்தேன். அந்த ஆட்டத்தில் ஸ்டியரிங் இடது கட்டைவிரலில் இருக்கிறது இல்லையா, அவர் அந்தச் செத்த விரலை வலது கையால் தூக்கிக் குமிழ் மேல் வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் உட்கார்ந்தார். நான் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் எழுந்து போய்விடுவார். நாலாவது நாள் பெட்டி செத்துப் போயிற்று, உள்ளே சி.டி. தட்டு சுற்றுகிறது, பெட்டி அதைப் படிக்கவில்லை. ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்தக் கடைக்காரப் பெண் கொண்டையில் எப்போதும் ஸ்க்ரூ திருகுகிற ஒரு திருப்புளியைச் செருகியிருப்பாள், அப்பா அவளுக்குத் திருப்புளி என்றே பெயர் வைத்துவிட்டார். லென்ஸ் போய்விட்டது, இதற்கு இனிமேல் சாமான் கிடைக்காது, வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று கேட்டாள். எமுலேட்டர் என்று ஒன்று உண்டாம், அதைப் போட்டால் கம்ப்யூட்டர் தன்னை இந்தப் பெட்டி என்று நினைத்துக்கொண்டு அதே ஆட்டத்தை ஓட்டுமாம். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதிச் சும்மா கொடுத்திருக்கிறார்களாம். சும்மா கொடுக்கிறார்கள் என்றதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, இருபத்தாறு வருஷம் கடைகடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்துகிறவள் நான், சும்மா என்று யாராவது சொன்னால் தட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்ப்பதுதான் பழக்கம். அவள் சிரித்துவிட்டு, "அக்கா, இதுல ஒளிக்க ஒண்ணுமே இல்ல, யார் வேணா உள்ள பிரிச்சுப் பாத்துக்கலாம்" என்றாள். பெட்டிக்குள்ளிருந்து எடுக்க வேண்டிய ஒரு சின்ன ஃபைலையும், உன் ரெக்கார்டெல்லாம் இருந்த பழைய மெமரி கார்டின் நகலையும் ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். எமுலேட்டர் கிடைக்கிற சரியான இணைய முகவரியை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்து, இதைத் தவிர வேறு எதிலும் கை வைக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னாள்.

சொன்னால் கேட்கிறவளா உன் அம்மா. தேடியதில் முதலில் வந்த பக்கத்தில் உள்ளங்கை அளவுக்குப் பச்சைப் பொத்தான் ஒன்று இருந்தது, அமுக்கினேன், திரை முழுக்கச் சிவப்புப் பெட்டிகளாக வந்து கூவ ஆரம்பித்தது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, சுவரில் இருந்த பிளக்கையே பிடுங்கிவிட்டேன். நீ பள்ளிக்கூடத்தில் வாங்கின மார்க்கிலிருந்து அப்பாவின் ஸ்கேன் வரைக்கும் அதில்தானே இருக்கிறது, எல்லாம் போயிற்று என்று ஒரு மணி நேரம் அதைத் தொடவே இல்லை. பிறகு அட்டையைப் பார்த்து எழுத்து எழுத்தாக அடித்து உண்மையான இடத்துக்குப் போனேன், அங்கே ஒரு பொத்தானும் கூவவில்லை. அது ஒவ்வொன்றாகக் கேட்டது, நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்தச் சின்ன ஃபைல் எங்கே என்றது, காட்டினேன். ஆட்டம் எங்கே என்றது, உன் தட்டைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒரு நகல் எடுத்துக் கொடுத்தேன். மெமரி கார்டு எங்கே என்றது, பென் டிரைவில் இருந்ததற்கு ஒரு நகல் போட்டுக் கொடுத்தேன். கடைசியில், கம்ப்யூட்டரில் மாட்டியிருந்த ஆட்டக் கைப்பிடியின் ஒவ்வொரு பொத்தானையும் அமுக்கிக் காட்டச் சொன்னது. அங்கேதான் இடதையும் வலதையும் மாற்றி அமுக்கித் தொலைத்தேன். அப்பா உட்கார்ந்து இடது பக்கம் திருப்பினார், கார் வலது பக்கம் போனது. மறுபடி திருப்பினார், மறுபடி அப்படியே. அவர் முகம் வெளுத்துவிட்டது சுண்டு. கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மூளையில் ஏதோ மாறிப்போச்சு, டாக்டருக்குப் போன் பண்ணு என்றார். ஐயோ நான்தான் தப்பாக அமுக்கினேன் என்று மாற்றிக் கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது அவருக்கு. நான் எங்கே கோட்டை விட்டாலும் அந்த மனுஷன் அதைத் தன் மூளையில்தான் தேடுவார் என்று அன்றே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

ஆட்டம் ஓடியது. கொஞ்சம் மெதுவாக ஓடியது, அதில் பேசுகிறவன் கொட்டாவி விட்டுக்கொண்டே பேசுகிற மாதிரி இருந்தது, ஸ்பீக்கர் பழசு என்று விட்டுவிட்டோம். திரையின் மேல் மூலையில் எழுபது என்று ஒரு எண் நின்றது, கம்ப்யூட்டர் சூடோ என்னவோ என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அப்பா அந்தக் கிரேனுக்குப் பக்கத்துக் கொண்டைஊசி வளைவைச் சுவரில் இடிக்காமல் தாண்டினார். தாண்டிவிட்டுச் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான், வாய் ஒரு பக்கம் லேசாக இழுத்த சிரிப்பு. அந்தச் சந்தோஷத்தில் நன்றி சொல்லத் திருப்புளியிடம் போனவள் அந்த எழுபதைப் பற்றியும் கேட்டு வைத்தேன். அது சூடு இல்லையாம். கம்ப்யூட்டர் பழையது, திணறுகிறது, நூறு சதவீதம் ஓட வேண்டிய ஆட்டம் எழுபதில் ஓடுகிறது என்றாள். படத்தின் அளவைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று எழுதியும் கொடுத்தாள். நல்லது செய்வதாக நினைத்து வீட்டுக்கு வந்து குறைத்தேன், மூலையில் நூறு வந்தது. அன்றைக்கு அப்பா ஒரே ஓட்டத்தில் பதினொரு தடவை சுவரில் மோதினார். நான் எண்ணினேன். கைப்பிடியை மேசையில் வைத்துவிட்டு, போதும், என்னால முடியாது என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த காலை அவர் குளிக்கப் போன நேரத்தில் நான் அதைத் திறந்தேன். அமைப்புகளில் வேகம் என்று ஒரு இடம் இருக்கிறது, நாமே எண்ணைப் போடலாம். நூறை அழித்துவிட்டு எழுபது என்று அடித்தேன். மூலையில் எண்ணைக் காட்டு என்பதற்குப் பக்கத்தில் இருந்த டிக் அடையாளத்தையும் எடுத்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்று கொடுத்த சாமானில் ஒளித்து வைத்தவள் உன் அம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டி வைத்த கடைக்காரர்களை எத்தனை பேரை நான் கேள்வி கேட்டிருக்கிறேன், இப்போது காந்தம் ஒட்டியது நான். கம்ப்யூட்டர் மறுபடி மக்கர் பண்ணியது, சரி பண்ணிவிட்டேன், ஒரு தடவை ஆடிப் பாருங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். ஆடினார், தாண்டினார்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் இந்த வீடு வீடாக இருந்தது. ஆட்டத்தில் ஜெயிக்கிற தெம்பில் கட்டிலுக்கு அடியில் கிடந்த பந்தையும் அவரே எடுத்தார், கிளிப்பும் மாட்டினார், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார், இடது கையால் தண்ணீர் டம்ளரைப் பிடித்து வாய்வரை கொண்டுபோனார். பொய் சொன்னதால் கை வந்ததா, எப்படியும் வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. பதின்மூன்று வயதில் நீ போட்ட ரெக்கார்டை அவர் முறியடித்துவிட்டு உன்னைக் கூப்பிட்டுச் சொன்னாரே, நீயும் சூப்பர்ப்பா என்று ஃபோனில் கத்தினாயே, அது எழுபதில் ஓட்டியது சுண்டு. நீ கத்தியது இந்தப் பக்கம் எனக்கு ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. அந்த வாரமே அவர் டிப்போவுக்கு எழுதிப் போட்டுவிட்டார், கை சரியாகிவிட்டது, ஓட்டிக் காட்டத் தேதி கொடுங்கள் என்று. எனக்குச் சொல்லவில்லை. அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி வரச் சொல்லிப் பதில் வந்தபோதுதான் தெரியும். முதலில் டிப்போ மைதானத்தில் ஓட்ட வேண்டும், அப்புறம் மேலதிகாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாலையில். அதில் தேறினால் பின்னால் ஐம்பது பேர் ஏறுவார்கள். அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சாலை எழுபதில் ஓடாது.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இன்னொரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். பதினெட்டாம் தேதிக்குள் யாருக்கும் தெரியாமல் நூறுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். எழுபத்தைந்து வைத்தேன், ஒன்றும் சொல்லவில்லை. எண்பது வைத்தேன், வளைவில் இரண்டு தடவை இடித்தார், தூக்கம் சரியில்லை என்றார். போன திங்கட்கிழமை எண்பத்தைந்து வைத்தேன். நாலு தடவை இடித்துவிட்டு, ஆட்டத்தை அப்படியே ஓடவிட்டு, இடது கையை மடியில் மல்லாக்க வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமல் சொன்னார், "வாதம் திரும்ப வருது. போன வாரம் வந்த கை இந்த வாரம் வரல. சுண்டுகிட்ட சொல்லிடாத."

அன்றிலிருந்து இந்த மனுஷன் படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை. காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையையும் தூக்கி, இடது கை இறங்குகிறதா பார் என்கிறார். சிரித்துக் காட்டி, வாய் கோணுகிறதா பார் என்கிறார். பல் விளக்கிய பிறகு ஒரு தடவை, குளித்த பிறகு ஒரு தடவை, நேற்று நான் எண்ணியது ஏழு. தன் பெயர், உன் பிறந்த தேதி, தன் ரூட்டில் வருகிற நிறுத்தங்கள் எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பிக்கிறார், நடுவில் ஒன்று தட்டினால் முகம் போய்விடுகிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறேன், அவர் நம்பவில்லை, எப்படி நம்புவார், கட்டைவிரல் வேறு சொல்கிறதே. உண்மையைச் சொன்னால் இந்த ஐந்து வாரச் சந்தோஷமும் பொய் என்றாகிவிடும், பந்து மறுபடி கட்டிலுக்கு அடியில் போய்விடும். சொல்லாவிட்டால் பயத்திலேயே ரத்தக்கொதிப்பு ஏறி, வராததை நானே வரவழைத்துவிடுவேன். இதிலும் மோசமான பயம் ஒன்று இருக்கிறது, அதை உன்னிடம்தான் சொல்ல முடியும். நிஜமாகவே வாதம் திரும்ப வந்துகொண்டிருந்தால்? எண்பத்தைந்தால் இடிக்கிறாரா, கை போவதால் இடிக்கிறாரா? எனக்குத் தெரியவில்லை. தராசையே கெடுத்து வைத்துவிட்டேன், இனி எதை வைத்து அவரை எடை போடுவேன். அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். என்ன செய்யட்டும் என்று நீயாவது சொல் என்று இந்த இடத்தில் கேட்கலாம் என்று இருந்தேன்.

அவ்வளவுதான் எழுதியிருந்தேன், கூடத்திலிருந்து கூப்பிட்டார். இப்போது ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் என் மூக்குக்கண்ணாடி ஈரமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்.

போனபோது திரையில் கார் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அவர் ஃபோனைக் கையில் வைத்திருந்தார், ஆஸ்பத்திரி எண்ணை எடுத்து வைத்திருந்தார். வாய் கோணுதா பாத்துச் சொல்லு, கோணினா நானே கூப்பிடறேன் என்று பல்லைக் காட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கண் மட்டும் பயந்துபோய் என்னையே பார்த்தது. உன் பதிலுக்குக் காத்திருக்க என்னால் முடியவில்லை சுண்டு. "வாய் கோணல. கையும் போகல. நான்தான் வேகத்தைக் கூட்டினேன்" என்று சொல்லிவிட்டேன். அவருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன், எழுபது, குளிக்கப் போன நேரம், மூலையில் இருந்த எண், எழுபத்தைந்து, எண்பது, எண்பத்தைந்து, ஒன்றையும் விடவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஃபோனை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். பிறகு கேட்டார்.

"விட்டுக் குடுத்தியா?"

உன் ஒன்பது வயதுக் குரலே கேட்ட மாதிரி இருந்தது எனக்கு. அந்த எண் எங்கே இருக்கிறது காட்டு என்றார், காட்டினேன். நகரு என்று சொல்லிவிட்டு இடது கை ஆள்காட்டி விரலாலேயே அடித்தார், முதலில் ஆயிரம் என்று விழுந்தது, வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம், இன்று அவர் ஒரு பூஜ்யத்தை அழித்து நூறாக்கினார். மூலையில் எண்ணைக் காட்டு என்பதற்கு அவரே அடையாளம் போட்டார். பிறகு ஓட்டினார். கார் பறக்கிற மாதிரி இருந்தது எனக்கு, பழகியது எழுபது இல்லையா. முதல் வளைவில் மோதினார், கிரேன் வளைவில் மோதினார், கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். கைப்பிடியை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல், "ஆறு. அன்னிக்குப் பதினொண்ணு" என்றார். அன்றைக்கு அவரும் எண்ணியிருக்கிறார் சுண்டு. அது ஒன்றுதான் இந்த வீட்டில் நான் கை வைக்காத கணக்கு. பதினொன்று ஆறாகியிருந்தால் கை திரும்பப் போகவில்லை, வந்துகொண்டிருக்கிறது. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அவர் அழவில்லை, ஆறு தடவ மோதுறவன் பின்னாடி ஆளுங்க ஏறக்கூடாது, நாளைக்கு டிப்போவுக்கு நானே பேசி தேதியைத் தள்ளி வாங்கிக்கறேன் என்றார். இன்னொன்றும் கேட்டார், தன்னுடைய அந்த ரெக்கார்டை அழித்துவிட முடியுமா என்று. திருப்புளி கொடுத்த பென் டிரைவில் உன் பழைய மெமரி கார்டு அப்படியே இருந்தது, அதைத் திரும்பப் போட்டேன். முதல் இடத்தில் உன் பெயர் வந்துவிட்டது, அவர் பெயர் பட்டியலிலேயே இல்லை. அதற்குப் பிறகு என்னுடன் ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்கு இரண்டு நாள் ஆயிற்று, அவருக்கு எத்தனை நாளோ. டாக்டரிடமும் நாளை மறுநாள் கூட்டிப் போகிறேன், பரிசோதனையை இனிமேல் நான் செய்வதாக இல்லை.

என் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. ஒரு ஆறு எத்தனை நாளில் மூன்றாகும், ஆகாமலேயே நின்றுவிடுமா, நின்றுவிட்டால் பஸ் இல்லாத அந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், எல்லாப் பயமும் அப்படியே இருக்கிறது. முன்பு ஒளித்து வைத்துப் பயந்தேன், இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பயப்படுகிறேன்.

நீ வேளா வேளைக்குச் சாப்பிடு, ஈரச் சுவர்ப் பக்கம் கட்டிலைப் போடாதே, இருமல் ஒரு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரைப் பார், என்னைப் போல நீயே வைத்தியம் பார்த்துக்கொள்ளாதே. எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயது இரு. ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிடுவார், எத்தனை தடவை மோதினேன் என்று அவரே சொல்வார். சூப்பர் என்று சொல்லாதே, பரவாயில்லை என்றும் சொல்லாதே. எண்ணைக் கேட்டுக்கொள், போன வார எண்ணையும் கேள், அவ்வளவு போதும்.

உறையை ஒட்டப் போகிறேன். கூடத்தில் அவர் மறுபடி ஆரம்பித்திருக்கிறார், மூலையில் நூறு எரிகிறது, இங்கிருந்தே தெரிகிறது. நான் போய்ப் பார்க்கவில்லை, மோதுகிற சத்தத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். நாலு ஆகிவிட்டது, கிரேன் வளைவு இன்னும் வரவில்லை.

உன் அன்பு அம்மா